உலைக்கு முந்திய பிடி

எனக்கு இரண்டு ஆச்சிகள். அம்மாவைப் பெற்றவள் சி.எஸ்.ஐ. கோயிலுக்குப் போகிறவள். அப்பாவைப் பெற்றவள் அய்யாவழிக்காரி. ஞாயிறு தவறாமல் தாங்கல் என்ற வழிபாட்டிடத்துக்குப் போய் நாமம் சார்த்திக்கொண்டு வருவாள். வள்ளியூரைச் சுற்றிய ஊர்களில் ஒரே குடும்பத்துக்குள் இப்படி இரண்டு வழி இருப்பது யாருக்கும் விசேஷமாகப் படாது. கிறிஸ்துமஸுக்கு முறுக்கும் அதிரசமும் இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குப் போகும். திருநாளுக்கு அங்கிருந்து இங்கே வரும்.

ஒரு காரியத்தில் மட்டும் இரண்டு ஆச்சியும் ஒன்றுபோல. உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன்பு, அதிலிருந்து ஒரு பிடி அள்ளித் தனியே போடுவார்கள். ஒருத்திக்கு அடுப்பங்கரை மூலையில் ஒரு மண்கலயம். மற்றவளுக்கு மூடி போட்ட ஓலைப்பெட்டி. அரிசி குறைவாக இருந்த நாளிலும் அந்தப் பிடி குறைந்ததில்லை. ஓலைப்பெட்டியில் சேர்ந்தது தாங்கலில் அன்னதர்மத்துக்குப் போகும். கலயத்தில் சேர்ந்தது ஞாயிற்றுக்கிழமை காணிக்கையாகப் போகும்.

"யாருக்கு ஆச்சி இது?" என்று ஒருநாள் கேட்டேன். எனக்குப் பசி.

"யாருக்கோ. பேசாம இருல" என்றாள் தாங்கல் ஆச்சி.

அந்த "யாருக்கோ" என்ற சொல்லுக்குள் என்ன இருந்தது என்று புரிய எனக்கு நாற்பது வருஷம் ஆனது.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வள்ளியூரில் பார்க்க என்ன உண்டு என்று கேட்டால், குன்றைக் குடைந்த முருகன் கோயிலைக் காட்டுவோம். காட்ட வேண்டியதுதான், அழகான கோயில். ஆனால் நான் கூட்டிக்கொண்டு போக விரும்புகிற இடங்கள் சிறியவை. பனங்காட்டு ஓரத்தில் நிற்கும் ஒரு நிழல்தாங்கல். பாதி எழுத்து உதிர்ந்துபோன கல்வெட்டுள்ள ஒரு பழைய ஆரம்பப் பள்ளிக்கூடம். சுவிசேஷபுரம், மெய்ஞ்ஞானபுரம், அடைக்கலபுரம் என்ற ஊர்ப் பலகைகள். இந்தப் பெயர்களைப் பேருந்தில் போகிறபோது வாசித்துப் பழகிவிட்டோம். அடைக்கலபுரம் என்று ஓர் ஊருக்குப் பெயர் வைக்க வேண்டுமானால், யாரோ யாரிடமிருந்தோ அடைக்கலம் தேடி ஓடி வந்திருக்க வேண்டும்.

யார் ஓடி வந்தார்கள் என்பது இந்த மண்ணுக்குத் தெரியும். அன்று சாணார் என்றும் இன்று நாடார் என்றும் அழைக்கப்படும் மக்கள் இங்கே பனையை நம்பிப் பிழைத்தவர்கள். ஒரு பனையேறி காலையும் மாலையுமாக முப்பது நாற்பது மரம் ஏறி இறங்குவான். அவன் இறக்கிய பதநீரை வீட்டுப் பெண்கள் விடிலியில் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவார்கள். வரி கொடுத்தார்கள். பெரிய கோயிலின் வாசலுக்குள் மட்டும் போக முடியாது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கம், பழைய திருவிதாங்கூரில், நிலைமை இன்னும் மோசம். குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, பெண்கள் மாரை மூடக் கூடாது. தோள்சீலை என்ற பெயரில் பல பத்தாண்டுகள் நடந்த அந்தப் போராட்டத்துக்குப் பிறகு, 1859-இல்தான் மேலாடை அணிய அரசாணை வந்தது. அதுவும் உயர்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு.

அந்தக் கணவாய்க்கு அந்தப் பக்கம்தான் 1809-இல் அய்யாவழிக்கு மூலமான அய்யா வைகுண்டர் பிறந்தார். இன்றைய சாமித்தோப்பு. அரசு அவரைப் பிடித்துத் திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்பில் அடைத்து வைத்தது. அவர் செய்த காரியங்களை நான் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பதுண்டு. தலைப்பாகை கட்டக் கூடாதென்று சொல்லப்பட்ட ஆண்களிடம், தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் வழிபட வேண்டும் என்றார். ஒரே கிணற்றில் எல்லோரும் குளிக்கவும் குடிக்கவும் முத்திரிக்கிணறு வெட்டினார். சிலை இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடியை வைத்தார். காலமெல்லாம் கீழே பார்த்து நடக்கப் பழக்கப்பட்டவன் தலைப்பாகையோடு நிமிர்ந்து அந்தக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்திருப்பான். முதல் தடவை பார்த்தவன் என்ன நினைத்திருப்பான்? அதை எழுதி வைக்க அன்று அவனுக்கு எழுத்துத் தெரியாது. அதனால்தானோ என்னவோ, ஆரம்ப காலத் தாங்கல்கள் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் இடங்களாகவும் இருந்தன.

நிழல்தாங்கல் என்ற பெயரே எனக்குப் பிடிக்கும். ஓட்டுக்கூரை, ஒரு விளக்கு, ஒரு கண்ணாடி, ஓரத்தில் கஞ்சி காய்ச்ச ஓர் அடுப்பு. கோபுரம் கிடையாது. யாரோ கொடுத்த இடத்தில் யார் யாரோ கொண்டுவந்த ஓலையாலும் மண்ணாலும் கட்டியது. எங்கள் ராதாபுரம் வட்டாரத்தில் ஊருக்கு ஊர் அது உண்டு.

இன்னொரு வழியில் போனவர்கள் ஊரையே புதிதாகக் கட்டினார்கள். 1799-இல், கிறிஸ்தவர்களாகி அடிபட்டவர்களுக்காக, டேவிட் சுந்தரானந்தம் என்ற உபதேசியார் ஓர் ஊரை அமைத்தார். அப்படிப்பட்ட ஊர்களில் முதலாவது என்பதால் முதலூர். பிறகு பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் 1830-இல் தர்ம சங்கம் என்று ஒன்றைத் தொடங்கி, துரத்தப்பட்டவர்கள் குடியேற நிலம் வாங்கினார். எங்களுக்கு மேற்கே இருக்கும் டோனாவூர், அதற்குப் பணம் கொடுத்த பிரஷ்ய நாட்டுப் பிரபு டோனாவின் பெயர் தாங்கியது. கிழக்கே இடையன்குடியில் மிஷனரி கால்டுவெல் கட்டிய ஆலயத்துக்கு 1847-இல் அடிக்கல் வைத்து, 1880-இல்தான் பிரதிஷ்டை செய்தார்கள். முப்பத்துமூன்று வருஷம். கல் சுமந்தவனின் மகன் சுண்ணாம்பு அரைத்து, அவன் மகன் மணியோசை கேட்டிருப்பான்.

அந்த இடையன்குடியிலேயே ஒரு காயமும் உண்டு. அதே கால்டுவெல் 1849-இல் சாணார் மக்களைப் பற்றி எழுதிய சிறு நூல் அவர்களைக் கேவலப்படுத்துவதாக இருந்தது. கை நீட்டித் தூக்கிவிட்டவரே இவர்கள் இப்படித்தான் என்று எழுதினால் எப்படி இருக்கும்? முக்குப்பேரியில் உபதேசியாராக இருந்து வேலையிழந்த சட்டாம்பிள்ளை, 1857-இல் நாசரேத்துக்குப் பக்கத்தில் பிரகாசபுரத்தில் தனிச் சபையே தொடங்கிவிட்டார். மிஷனரி இல்லை, வெள்ளைக்காரர் பணம் இல்லை. சனிக்கிழமை ஓய்வுநாள், தரையில் உட்கார்ந்து ஆராதனை. கும்பிடும் இடத்தில்கூட அடுத்தவன் தயவு வேண்டாம் என்று முடிவெடுத்த மனிதர் அவர். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரியாதது எனக்கு வருத்தம்தான்.

சட்டாம்பிள்ளையை நினைக்கிறபோதெல்லாம் எனக்கு ரிச்சர்ட் ஆலன் ஞாபகம் வரும். அடிமையாகப் பிறந்து, உழைத்துத் தன் விடுதலையை விலை கொடுத்து வாங்கியவர். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்துத் தேவாலயம் ஒன்றில் முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பின மக்களைப் பாதி ஜெபத்தில் இழுத்து எழுப்பினார்கள், இது உங்கள் இடமில்லை என்று. ஜெபம் முடியட்டும், போய்விடுகிறோம் என்று கேட்டும் விடவில்லை. மொத்தமாக எழுந்து வெளியே வந்தார்கள். 1794-இல் ஆலன் அதே நகரத்தில் தங்களுக்கென்று ஒரு தேவாலயம் திறந்தார். பெத்தேல் அன்னை ஆலயம் என்று அதற்குப் பெயர். கட்டடம் மாறியிருக்கிறது, நிலம் இன்றுவரை அவர்கள் கையைவிட்டுப் போகவில்லை.

அந்த நாட்டின் நகரங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்களின் கதையைப் படிக்கப் படிக்க, நான் பார்த்திராத ஊர் எனக்குச் சொந்த ஊர் மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு தேவாலயம், அதன் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம், ஈமச்சடங்குக்குப் பணம் சேர்க்கும் ஒரு சங்கம், ஒரு சிறு வங்கி. ரிச்மண்ட் நகரத்தில் மேகி வாக்கர் என்ற கறுப்பினப் பெண், சலவைக்காரிகளின் காசைச் சேர்த்து வைக்க 1903-இல் ஒரு வங்கியே திறந்தார். சில்லறைச் சேமிப்பு என்பதே அதன் பெயரில் இருந்தது. தெற்கு மாநிலங்களில் ரோசன்வால்ட் என்ற வணிகர் கொடுத்த நிதியோடு தங்கள் பங்கையும் போட்டுக் கறுப்பின மக்கள் ஏறத்தாழ ஐயாயிரம் பள்ளிகளைக் கட்டினார்கள். ஏற்கனவே வரியும் கட்டியவர்கள் அவர்கள். வரிப் பணத்தில் வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் நன்றாக நடந்தது. தங்கள் பிள்ளைக்கு இன்னொரு தடவை கொடுக்க வேண்டியிருந்தது.

இரண்டு தடவை கொடுப்பது எங்கள் ஆட்களுக்கும் தெரியும். கருப்பட்டியும் கருவாடும் புகையிலையும் ஏற்றிய மாட்டுவண்டிகள் தெற்கிலிருந்து வடக்கே போன பாதையில் நாடார் வணிகர்கள் பேட்டைகள் அமைத்தார்கள். வண்டியும் சரக்கும் கொள்ளை போகாமல் இரவு தங்கச் சுற்றுச்சுவர் எடுத்த இடங்கள். விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை எல்லாம் அப்படி வளர்ந்தவை. மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று ஒவ்வொருவரும் பொதுவில் போட்ட காசுக்கு மகமை என்று பெயர். உறவின்முறை என்ற சாதிச் சங்கம் அதைக் கணக்கு வைத்தது. விருதுநகரில் 1880-களில் அந்த மகமைப் பணத்தில் க்ஷத்திரிய வித்யாசாலை என்ற பள்ளியைத் தொடங்கினார்கள். அது நடக்க வீட்டுக்கு வீடு பிடி அரிசி வசூலித்தார்கள். என் ஆச்சி வீட்டு ஓலைப்பெட்டிக்கும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே ரத்தம் என்று நான் நம்புகிறேன்.

கட்டியதைப் பொறுக்காதவர்களும் இருந்தார்கள். 1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் போனது வழக்காகி, லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1908-இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. அதற்கு நடுவே, 1899 ஜூன் 6-ஆம் தேதி, சிவகாசிக் கொள்ளை. நூற்றுக்கணக்கான நாடார் வீடுகள் எரிந்தன.

பதினொரு வருஷம் கழித்து, 1910-இல், நாடார் மகாஜன சங்கம் உருவானது. அந்தச் சங்கத்தின் கூட்டத்தில் எழுந்த யோசனைதான் வங்கி. 1921 மே 11-ஆம் தேதி நாடார் வங்கி பதிவானது; நவம்பரில் தூத்துக்குடியில் கதவு திறந்தது. 1962-இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறி இன்றும் நடக்கிறது. அரசின் பதிவேடுகளில் சாணார் என்ற சொல் போய் நாடார் என்று வந்ததும் அதே 1921-இல்தான்.

அந்த மே 11-க்குப் பிறகு மூன்று வாரம் தள்ளி, மே 31 இரவும் ஜூன் 1 பகலும், அமெரிக்காவின் டல்சா நகரத்தில் கிரீன்வுட் என்ற பகுதியை வெள்ளையர் கும்பல் எரித்தது. கறுப்பின வணிகர்களின் கடைகள், உணவு விடுதிகள், திரையரங்கு, மருத்துவமனை, நூலகம் என்று 35 தெருச் சதுக்கங்கள் சாம்பலாயின. சீயோன் மலை பாப்டிஸ்ட் ஆலயம் அப்போதுதான் கட்டி முடித்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. அதுவும் போயிற்று. கட்டடத்துக்கு வாங்கிய 50,000 டாலர் கடன் மட்டும் மிஞ்சியது. அந்தச் சபையார் என்ன செய்தார்கள் என்று படித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே நடந்தேன். எரிந்துபோன கோயிலின் கடனை, இல்லாத கட்டடத்தின் கடனை, 1942-க்குள் அடைத்து முடித்தார்கள். அதன் பிறகு புதிதாகச் சேர்த்து, 1952-இல் அதே இடத்தில் மறுபடி கட்டினார்கள். சேர்த்த கைகளில் எத்தனை அந்தப் புதுக் கட்டடத்தைப் பார்க்காமலே மண்ணுக்குள் போயிருக்கும்!

அங்கே "யாருக்கோ" என்ற சொல்லுக்கு அவர்கள் மொழியில் என்ன சொல்லோ, தெரியவில்லை. பொருள் எனக்குத் தெரியும்.

கிரீன்வுட் மறுபடி எழுந்தது. பிறகு சில பத்தாண்டுகளில் ஒரு நெடுஞ்சாலை அதன் நடுவே மேம்பாலமாகப் போனது. நெருப்பு முடிக்காததை அது முடித்தது என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். எங்களுக்கு நான்குவழிச்சாலை ஊரை விட்டு விலகிப் போய்விட்டது. ஊருக்குள் வராமல் ஓடும் பேருந்துகளைப் பற்றி நாங்கள் குறைபட்டுக்கொள்வோம். இரண்டையும் ஒப்பிட மாட்டேன். அவர்கள் இழந்தது வீடுகளை.

ஒப்பிட வேண்டியது வேறு ஒன்று உண்டு, அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். வாசல் அடைக்கப்பட்டவன் தனக்கென்று ஒரு வாசல் கட்டுகிறான். அதில் அவனுக்கு உரிமை உண்டு, மரியாதையும் உண்டு. கட்டி முடித்த பிறகு அந்த வாசலில் அவன் பேரப்பிள்ளைகள் எப்படி நிற்கிறார்கள்?

நல்லபடி நின்றவர்கள் உண்டு. பிடி அரிசியில் நடந்த அந்த விருதுநகர்ப் பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு பையன் ஆறாவதோடு படிப்பை விட்டான். பிறகு முதலமைச்சராகி, 1956-இல், மாநிலம் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போடத் தொடங்கினார். எந்தத் தெருப் பிள்ளை, எந்தச் சாதிப் பிள்ளை என்று கேட்காத சோறு. காமராஜரைப் பற்றி எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பேசுகிறார்கள். எனக்கு அவர் அந்தப் பிடியைப் பேட்டைக்கு வெளியே கொண்டுவந்தவர். வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த அசரியாவும் அப்படித்தான். 1903-இல் பாளையங்கோட்டையில் அவரும் மற்றவர்களும் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம், இந்தப் பனங்காட்டு மக்களின் காணிக்கையைத் தெலுங்கு நாட்டில் தங்களைவிடத் தாழ்த்தி வைக்கப்பட்டிருந்த மக்களிடம் கொண்டுபோனது. தங்கள் பிள்ளைகளுக்கே போதாத அரிசி அது. 1912-இல் தோர்ணக்கல்லில் அவர் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுதான் முதல் தடவை.

1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போனவர்கள் ஆறு பேர். ஐந்து பேர் தலித்துகள், கக்கனும் அவர்களில் ஒருவர். ஆறாவது ஆள் ஒரு நாடார். இந்த ஆறு பேரையும் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அந்த வாசற்படியில் கால் வைத்தபோது அவர்கள் ஒரே வரிசையில் இருந்தார்கள். அதற்கு நூறு வருஷம்கூட ஆகவில்லை.

எங்களுக்குப் பக்கத்தூர் நாங்குநேரி. 2023 ஆகஸ்டில் அங்கே ஒரு தலித் மாணவனை, கூடப் படிக்கிற பையன்களே இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் எந்தச் சாதி என்பது இங்கே என் கேள்வி அல்ல; எங்கள் பையன்கள் கையிலும் கயிறு உண்டு, சாதிக்கொரு நிறத்தில். நிறத்தைப் பார்த்து யார் எந்தப் பக்கம் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். பள்ளிகளில் இதைத் தடுக்க வழி கேட்டு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவிடம் அறிக்கை கேட்டது, 2024-இல் அவர் கொடுத்தார். அறிக்கை தேவைதான். ஆனால் அந்த வெட்டுச் செய்தி வந்த காலையில் என் மனதில் நின்றது வேறு. வாசல் மறுக்கப்பட்டவர்கள் கட்டிய பள்ளிக்கூடங்கள் நிறைந்த மாவட்டம் இது. தென்னாட்டின் ஆக்ஸ்போர்டு என்று பாளையங்கோட்டையைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அந்தச் சுவர்களுக்குப் பிடி அரிசி கொடுத்த கிழவிகள், தங்கள் அரிசியில் எழுந்த வராந்தாவில் கயிறு கட்டிய கைகளைப் பார்த்தால் என்ன கேட்பார்கள்? தாங்கள் கொடுத்தது "எங்களுக்கு" என்று மாறிவிட்டதை எப்படித் தாங்குவார்கள்? என் ஆச்சி ஒரு நாளும் "நம்மாளுக்கு" என்று சொன்னதில்லை. "யாருக்கோ" என்றுதான் சொன்னாள். தெரியாத ஒருவனுக்கென்று வைத்ததால்தான் அது குறையாமல் இத்தனை வருஷம் வந்து என் தட்டிலும் விழுந்தது. என்னைப் படிக்க வைத்த பள்ளிக்கூடத்துக்கு அரிசி கொடுத்தவர்களில் ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது. அவர்களுக்கு நான் திருப்பிக் கொடுக்க முடியாது. கொடுக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்று, இன்று வாசலுக்கு வெளியே நிற்கிறவன்.

போன ஞாயிறு தாங்கலுக்குப் போயிருந்தேன். ஆச்சி போன பிறகு நான் போவது குறைவு. ஓடு மாற்றித் தளம் போட்டிருக்கிறார்கள். கண்ணாடி பழையதுதான், ஓரத்தில் ரசம் உதிர்ந்திருக்கிறது. பணிவிடைக்காரர் எண்பதைத் தாண்டியவர். அய்யா காலத்திலிருந்து வரும் வழக்கப்படி அவர் தொட்டுத்தான் நாமம் இடுவார். தொட்டால் தீட்டு என்றிருந்த காலத்தில் தொடங்கிய வழக்கம் என்பதை அவர் யாருக்கும் விளக்குவதில்லை. வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பள்ளிக்கூடப் பையன்கள். இருவர் கையிலும் கயிறு, வேறு வேறு நிறம். சோற்று வாசத்துக்கு வந்தவர்கள் என்பது முகத்தில் தெரிந்தது.

பெரியவர் கையைப் பார்க்கவில்லை. "குனி மக்கா" என்று சொல்லி, முதல் பையன் நெற்றியில் பெருவிரலை வைத்துக் கீழிருந்து மேலாக இழுத்தார். அதே விரலால் அடுத்தவனுக்கும். பிறகு இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து இலையை விரித்தார்கள்.